செஞ்சியில் கதை சொல்ல ஆள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செஞ்சிக் கோட்டை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதும் தேசிங்கு ராஜனே நிற்கிறார். 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்துக் களத்தில் விழுந்த அந்த இளைஞரின் வீரம் பெரியதுதான். ஆனால் அவர் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. கோன் மரபினர் கட்டத் தொடங்கி, நாயக்கர்கள் தலைநகராக வளர்த்து, பிஜாப்பூர் படையிடம் போய், 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் மராட்டிய அரசையே அங்கிருந்துதான் நடத்தினார். முகலாயர்கள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் 1698-இல்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

மராட்டியர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதைக் கோட்டையின் ராஜகிரி மலையே காட்டுகிறது. உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பெரும் பள்ளம். குறுக்கே உள்ள பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே ஏற முடியாது. அடிவாரத்தில் கல்யாண மகாலின் மேல்மாடிகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பெரிய நெற்களஞ்சியங்கள். இவற்றையெல்லாம் கடந்துபோய், உச்சியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது கூட்டம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால் யார்தான் நின்று கேட்க மாட்டார்கள்?

எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் ஆங்காங்கே வழிகாட்டிகள் நின்று, இது மந்திரசாலை என்ற ஆலோசனை மண்டபம், இது ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடம் என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லித்தருவார்கள். தக்கலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அரண்மனை மனப்பாடமாக இருப்பது அதனால்தான். செஞ்சியிலும் கல்யாண மகால், களஞ்சியம், மலைப்பாலம் ஆகிய இடங்களிலாவது அப்படி ஒருவர் இருக்க வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து அமர்த்தலாம். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி வெளியூர்க் கூட்டம் கூடும். பொறுப்பில் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

குமரி மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுநாள் காலையில் செஞ்சிக்கு பஸ் ஏறுங்கள். வெயில் ஏறுமுன் மலையில் கால் வையுங்கள், குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். முட்டுவலி உள்ளவர்கள் படியேற வேண்டாம். கீழே கல்யாண மகாலையும் வேங்கடரமணர் கோயிலையும் பார்க்கவே அரை நாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தக்கலை.