1831-ஆ, 1631-ஆ?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மாலாவுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வாழ்த்தை அவளிடம் சொல்.

இனி நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் எபிசோட், 'கோர்ட் மார்ஷல்'. விண்வெளித் தளத்தின் தலைவரான கமடோர் ஸ்டோன் அறைச் சுவரில் இருக்கிற கப்பல் பட்டியல். பத்து வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு என்சிசி எண், அதாவது கப்பலின் பதிவு எண், பக்கத்தில் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டும் கோடு. இரண்டாவது வரிசையை நீ 1831 என்று படித்திருக்கிறாய். அதையே 1631 என்று படிப்பவர்களும் உண்டு. உன் படத்தை வைத்து இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது.

ஏனென்றால் அது பழைய டிவிடியிலிருந்து எடுத்த படம். தொடரை ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேமாக எடுத்தார்கள். அமெரிக்க டிவிக்கு ஏறக்குறைய 30 வேண்டும். அதனால் 4 ஃபிலிம் ஃபிரேமை 5 வீடியோ ஃபிரேமாக விரிப்பார்கள். அந்த ஐந்தில் இரண்டு, அடுத்தடுத்த இரு ஃபிரேம்களின் கிடைக்கோடுகள் கலந்தவை. கேமரா நகரும்போது அப்படி ஒன்றில் நிறுத்தினால் எழுத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கும். உன் படத்தில் தெரிவது அதுதான். கலக்காத ஃபிரேமாகவே இருந்தாலும் மொத்தப் படத்துக்கும் 480 கோடுதான். தூரத்துச் சுவரில் இருக்கும் ஓர் இலக்கத்துக்கு அதில் சில கோடுகளே மிஞ்சும். அந்த அளவில் 3, 6, 8, 0 எல்லாம் ஒரே முகம்.

ப்ளூரே பதிப்பை எடுத்துக்கொள். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடவிட்டு, ஸ்டோன் அறைக் காட்சியில் கேமரா அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்து. அங்கிருந்து ஆங்கில E விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். எட்டுப் பத்து ஃபிரேமைப் படமாகச் சேமித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடு. ஃபிலிமின் மணல், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகள், ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், சுவரில் இருக்கும் எழுத்து மாறாது. அதனால் மணல் அமுங்கி எழுத்து மேலே வரும். செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் எதையும் தயவுசெய்து தொடாதே. அது இல்லாத இலக்கத்தைத் தானே வரைந்து கொடுத்துவிடும், நாம் அதைச் சாட்சி என்று நம்பிவிடுவோம்.

பிறகு அதே பலகைக்குள்ளேயே ஒப்பிடு. கீழ்ப்பக்கம் 1685 என்று ஒரு வரிசை இருக்கிறது. 6-உம் 8-உம் அடுத்தடுத்து, ஒரே எழுத்து வடிவத்தில், ஒரே வெளிச்சத்தில். 8-இன் மேல் வட்டம் வலப்பக்கம் மூடியிருக்கும், 6-க்கு அங்கே திறந்திருக்கும். இரண்டாவது வரிசையின் அந்த ஓர் இடத்தை மட்டும் பெரிதாக்கி இதன் பக்கத்தில் வை. வேறு எபிசோடிலிருந்தோ பின்னால் வந்த புத்தகத்திலிருந்தோ எண்ணைக் கொண்டுவந்து இங்கே பொருத்தாதே.

அப்படிப் பொருத்தினால் சுற்றிச் சுற்றி வருவோம். இந்தப் பலகையில் எண்கள் மட்டும்தான், பெயரே கிடையாது. எழுபதுகளில் கிரெக் ஜீன் என்ற ரசிகர் இந்த எண்களை, ஸ்டார் ட்ரெக் கப்பல் பெயர்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அவரே ஸ்டார் ட்ரெக்குக்கு மாடல் செய்யும் கலைஞரானார். அவர் ஊகித்த எண்களில் பல 1994-இல் வந்த அதிகாரபூர்வக் கலைக்களஞ்சியத்துக்குள் போய்விட்டன. இன்று யாராவது அந்தக் கலைக்களஞ்சியத்தைக் காட்டிப் பலகையை நிரூபித்தால், பலகையிலிருந்து பிறந்த ஊகத்தைக் கொண்டு பலகையையே நிரூபிக்கிறார் என்று அர்த்தம். ஜீன் செய்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அது ஊகம்தான்.

காட்சிக்குள்ளேயே கிடைக்கும் துப்பு ஒன்று உண்டு. இன்ட்ரெபிட் கப்பலில் நடக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு தொடரின் முக்கியக் கப்பலான எண்டர்பிரைஸை முதலில் கவனிக்கச் சொல்கிறார் ஸ்டோன். ஆக இன்ட்ரெபிட் அன்று அங்கே நின்றது உறுதி. அது எந்த வரிசை என்பதை அந்த வசனம் சொல்லவில்லை.

'டூம்ஸ்டே மெஷின்' எபிசோடில் வரும் கான்ஸ்டெல்லேஷன் கப்பலுக்கு ஏன் 1017 என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. இரண்டையும் கலக்கவே கூடாது. செட்டில் நடந்தது இது: ஏஎம்டி என்ற நிறுவனம் கடையில் விற்ற எண்டர்பிரைஸ் மாடல் கிட்டை வாங்கி, அதை உடைந்த கப்பலாக்கி, கிட்டோடு வந்த 1701 என்ற எண்டர்பிரைஸ் எண்ணின் ஸ்டிக்கர் இலக்கங்களையே இடம் மாற்றி ஒட்டினார்கள். கான்ஸ்டெல்லேஷன் பழைய கப்பல், பிறகு புதுப்பித்தார்கள் என்பது ரசிகர்கள் கதைக்குள் சொல்லும் பதில். அழகாகப் பொருந்துகிறது, ஆனால் திரையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. உன் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடு.

கான், செகோவ் விஷயமும் இதேதான். 1982-இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், எண்டர்பிரைஸில் வேலை செய்த செகோவின் முகம் தனக்கு நினைவிருப்பதாக வில்லன் கான் சொல்கிறான். கான் வந்த 'ஸ்பேஸ் சீட்' எபிசோட் முதல் சீசன், 1967 பிப்ரவரி. செகோவாக நடித்த வால்டர் கோனிக் இரண்டாம் சீசனில்தான் வந்தார். செட் கணக்கில் இது பிழை. ஆனால் ஸ்டார்டேட்டை, அதாவது கதைக்குள் சொல்லும் தேதி எண்ணைப் பார். 'ஸ்பேஸ் சீட்' 3141.9. செகோவ் இருக்கும் 'கேட்ஸ்பா' 3018.2. அதாவது கதைக் கணக்கில் கான் வருவதற்கு முன்பே அவர் கப்பலில் இருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விடை இது. ஒன்றை மட்டும் மறக்காதே: அந்தத் தொடரில் ஸ்டார்டேட் ஒளிபரப்பு வரிசைப்படி ஏறுவதில்லை. அதனால் இதை முதல் பத்தியில் எழுதாதே, இரண்டாவதில் எழுது.

கப்பலின் வெளிக்காட்சிகளைப் பார்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். 2006-இல் தொடங்கிய மறுபதிப்பில் விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தார்கள். ப்ளூரே மெனுவில் பழைய காட்சிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிவிட்டுப் பார். என்ஜின் குழல்களின் முன்முனையில் முள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பைலட், அதாவது தொடருக்கு முன் எடுத்த சோதனை எபிசோட், காலத்து ஷாட். முள் இல்லாமல் விளக்குகள் சுழன்றால் தொடருக்காக எடுத்தது. செலவு மிச்சம் பிடிக்கப் பழைய ஷாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டதால் ஒரே எபிசோடில் இரண்டும் வரும். கப்பலின் வலப்பக்கமே அதிகம் தெரிவதற்கும் காரணம் உண்டு. அந்த 11 அடி மாடலின் இடப்பக்கத்தில்தான் விளக்குக்கான வயர்கள் வெளியே வந்தன.

அடுத்த கடிதத்தில் சராசரி எடுத்த படத்தோடு, அதற்குப் பயன்படுத்திய தனித்தனி ஃபிரேம்களையும் வை. எந்த டிஸ்க், எத்தனையாவது நிமிஷம், நொடி என்பதை ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதிவிடு. இரண்டாவது வரிசையை நானும் தனியாகப் படித்துப் பார்க்கிறேன். அதுவரை உன் முடிவை எனக்குச் சொல்லாதே.

அன்புடன்,
சேகர்