மூன்றாம் வகுப்பு: இந்த வாரக் கணக்கும் வெள்ளிக்கிழமைப் பயணமும்

பெற்றோர்களுக்கு வணக்கம். இந்த வாரம் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. 52-இல் 27 போனால் 35 என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். அதற்காகத் திட்டாதீர்கள்.

ஈர்க்குச்சியைச் சாண் சாணாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 5 கட்டு, உதிரியாக 2 குச்சி வையுங்கள். 27 எடுக்கச் சொல்லுங்கள். உதிரி பத்தாதபோது பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம். இப்போது 4 கட்டு, 12 உதிரி. 7 போக உதிரி 5, 2 கட்டு போக மீதி 2 கட்டு, ஆக 25. அதன் பிறகு நோட்டில் எழுதட்டும். தினம் 3 கணக்கு போதும்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி நூலில் உள்ள அரும்பு, மொட்டு, மலர் என்பவை ரேங்க் அல்ல. பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் அறிவியல் மையம் போகிறோம். ஒப்புதல் சீட்டு புதனுக்குள் வர வேண்டும். மதியத்துக்குப் புளிச்சோறு கொடுத்துவிடுங்கள். தயிர்ச்சோறு இந்த வெயிலில் புளித்துவிடும். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளை, மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் குழுவில் போடாமல் டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள்.