விளக்கோடு ஆடுகளையும் கொடுங்கள்

தமிழ்நாட்டில் தொழில் நடத்தும் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஒரு கிராமத்தின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைப் போன்றோரின் நிறுவனங்கள் கொடுத்த பொருள்களைக் கையெழுத்திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த நன்றியை மறக்காமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனம் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். குடத்தில் ஒரு வாரம் வைத்தால் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். ஆகவே அந்த இயந்திரம் வந்த நாள் எங்களுக்கு உண்மையிலேயே நல்ல நாள். பந்தல் போட்டோம், பிள்ளைகள் கும்மியடித்தார்கள், நிறுவனத்தின் அதிகாரி ரிப்பன் வெட்டினார், சுவரில் கருங்கல் பலகை பதிக்கப்பட்டது. பத்து மாதம் தண்ணீர் இனிப்பாக வந்தது. பதினோராம் மாதம், உப்பை வடிகட்டும் மெம்பிரேன் அடைத்துக்கொண்டது. அதை மாற்ற ஆன செலவை ஆசிரியர்கள் நாங்களே பகிர்ந்து கொடுத்தோம். அடுத்த ஆண்டு மோட்டார் எரிந்தது. நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். அங்கே இந்தக் கொடையைக் கவனித்த அதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் மிகவும் மரியாதையாகத் தொலைபேசியில் பேசி, அந்தத் திட்டம் முந்தைய நிதியாண்டிலேயே முடிக்கப்பட்டுவிட்டது என்றும், முடிந்த திட்டத்துக்குப் பணம் ஒதுக்கத் தம்மிடம் வழி இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் குழாயின் வாயில் துணி கட்டியிருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கருங்கல் பலகை மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

நான் பணியாற்றிய வட்டாரத்தில் இது எங்கள் பள்ளியின் கதை மட்டும் அல்ல. துப்புரவுக்கு ஆள் இல்லாமல் பூட்டப்பட்ட கழிப்பறைகளையும், விளக்கு எரிந்துபோன புரொஜெக்டர்களையும், பேட்டரி உப்பிப்போன யு.பி.எஸ். பெட்டிகளையும் பக்கத்துப் பள்ளிகளில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களின் மனத்தில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், அந்தப் பொருள் உயிரோடு இருக்க ஆண்டுதோறும் என்ன தேவையோ அதைக் கொடுக்கவில்லை. உங்கள் முன் நான் வைக்க விரும்பும் விஷயம் இது ஒன்றுதான்.

நம் முன்னோர்கள் அறம் செய்த முறையை இந்த இடத்தில் நினைவூட்டுவது பொருந்தும் என்று கருதுகிறேன். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்கு வேண்டுமென்று விரும்பியவர், விளக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. அதற்கு நெய் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு இருக்கிறது. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடாகும் ஆட்டுக்கும் சாகும் ஆட்டுக்கும் ஈடாக, பிறக்கும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையை அவர் காக்க வேண்டும். அதனால்தான் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் கொடை சாகாது, மூப்படையாது. இதை விடத் தெளிவான பராமரிப்பு ஒப்பந்தத்தை நான் எந்த அலுவலகக் கோப்பிலும் படித்ததில்லை. பொருள் இன்னது, பொறுப்பாளி இன்னார், நாள்தோறும் அளக்க வேண்டியது இவ்வளவு, தேய்மானத்தை ஈடுகட்டும் வழி இது என்று எல்லாம் கல்லிலேயே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பல கல்வெட்டுகள், ‘இந்த அறத்தைக் காத்தவனின் திருவடி என் தலைமேல்’ என்ற பொருளில் முடிகின்றன. கொடுத்தவர், தமக்குப் பின்னால் அதைக் காக்கப்போகும் முகம் தெரியாத ஒருவரின் காலைத் தம் தலைக்கு மேல் வைக்கிறார். நம் கருங்கல் பலகைகளில் திறந்து வைத்தவரின் பெயர் இருக்கிறது; காக்கிறவரின் பெயருக்கு இடம் விடப்படவில்லை.

தொழில் நடத்தியவர்களிலும் இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது, நான்கு பங்காக அல்லாமல் ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதை அறத்துக்கு ஒதுக்கினார்கள், 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் பிறந்தது. அறத்தை அவர்கள் ஒரு செலவாக எழுதாமல் உடன்பிறந்த ஒருவரைப் போலப் பங்காளியாக்கினார்கள் என்பதும், மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடத்தையே அந்த அறநிலையத்தின் பகுதியாக நடத்தினார்கள் என்பதும் என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்திகள். அந்த ஐந்தாவது பங்கு நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டக்கூடியவர்கள் கட்டும் தொகையே கட்ட முடியாதவர்களின் அறுவைச் சிகிச்சையைத் தாங்குகிறது. வழிகள் வேறு வேறு. நாளைக்கான நெய் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் முதல் நாளே விடை இருந்தது.

அசலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடும் மூலநிதி ஒன்றை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார். அவர் அறத்துக்கென எழுதிவைத்த செல்வம் வழக்கில் சிக்கிக் கிடந்து, அதிலிருந்து ஒரு பள்ளி எழ 1842ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவல் இல்லாத நிதி கரையும், கைமாறும், குத்தகை பாக்கியாகக் கிடக்கும். பணத்தோடு பொறுப்பாளியும் கணக்கும் சேர்ந்து வர வேண்டும் என்பதைத்தான் இதுவும் காட்டுகிறது.

இனி உங்கள் கையில் உள்ள சட்டத்துக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. 2022-23ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படிச் செலவான தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் ஆலையின் சங்கு கேட்கும் தூரத்தில் இருக்கும் பள்ளிகளுக்கு இது பெரிய துணை.

ஆனால் இந்தச் சட்டம் உங்கள் கையை நிதியாண்டோடு கட்டிப்போட்டிருக்கிறது. மார்ச் 31க்குள் செலவாகாத தொகை, ஓராண்டைத் தாண்டி நீளும் தொடர் திட்டத்துக்கு உரியதாக இருந்தால் 30 நாளுக்குள் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் நிதிகளில் ஒன்றுக்குப் போய்விட வேண்டும். அதனால் ஜனவரி பிறந்ததும் எங்கள் பக்கம் வண்டிகள் வரத் தொடங்கும். மார்ச்சுக்குள் கட்டி முடித்துப் புகைப்படம் எடுத்துவிடக் கூடியது எது என்று கேட்பார்கள். கட்டடமும் இயந்திரமும் அந்த அவசரத்துக்கு ஏற்றவை. ஐந்து ஆண்டுக்கு ஒரு துப்புரவுப் பணியாளரின் சம்பளம் ஏற்றதல்ல. 2021இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அறக்கட்டளையின் மூலநிதிக்குக் கொடுக்கும் தொகையை இந்த 2 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. மூலநிதியில் போட்டுவைத்துவிட்டுச் செலவழித்துவிட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் 96 ஆடுகளைக் கொடுக்கும் பழைய வழி இதனால் அடைபட்டுப்போனதை உங்களில் சிலராவது உணர்ந்திருப்பீர்கள்.

அடைபட்ட வழியிலும் இடைவெளி இருக்கிறது. தொடர் திட்டம் என்பது தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளலாம் என்று விதியே இடம் தருகிறது. நிதியை எந்த முறையில், எந்தக் கால அட்டவணையில் பயன்படுத்துவீர்கள், யார் கண்காணிப்பார் என்பதை ஆண்டுச் செயல்திட்டத்தில் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஒரு குடிநீர் இயந்திரத்தைப் பதினைந்து நாளில் முடியும் கொள்முதலாக எழுதாமல், நான்கு நிதியாண்டுகளுக்குத் தண்ணீர் தரும் திட்டமாக எழுதுங்கள். கேண்டிலும் மெம்பிரேனும் மாற்றும் செலவு, மின் கட்டணம், மெக்கானிக்கின் வருகை எல்லாம் அந்தத் திட்டத்துக்குள் வரட்டும். பத்துப் பள்ளிக்குக் கொடுக்க நினைத்த இடத்தில் ஆறு பள்ளிக்குத்தான் கொடுக்க முடியும் என்றால், ஆறு போதும். விடுபட்ட நான்கு பள்ளிகளில் ஒன்றாக என் பள்ளியே இருந்தாலும் இதையே சொல்வேன்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு, இரண்டு விஷயங்களை உங்களிடம் விண்ணப்பமாக வைக்கிறேன். உங்களில் பலர் தொழிலை நிறுவிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சட்டம் கேட்கும் 2 விழுக்காடு நிறுவனத்தின் பணம். அதற்கு வெளியே, உங்கள் சொந்தச் செல்வத்திலிருந்து, கொடுத்த பொருள்களைக் காப்பதற்கென்று மட்டும் ஒரு மூலநிதி வைக்க உங்களால் முடியும். பீளமேட்டு உடன்பிறப்புகள் செய்ததும் அதுதான். அவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவதாக, உங்கள் தொழில் கூட்டமைப்புகளின் வழியாக ஒன்றிய அரசின் நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தை அணுகி, பராமரிப்புக்கென வரையறுத்த, தணிக்கைக்கு உட்பட்ட, வட்டி மட்டுமே எடுக்கக்கூடிய சிறு மூலநிதியை 2 விழுக்காட்டுக் கணக்கில் அனுமதிக்கக் கேளுங்கள். கூட்டமைப்புகள் கேட்டால் அமைச்சகம் காது கொடுக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்டால் கடிதம் கோப்பில் சேரும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பொருளை வாங்கிக்கொண்ட அன்றே, இதை யார் காப்பது, எந்தக் கணக்கிலிருந்து செலவு செய்வது என்று நான் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வருகிற கையைத் தடுத்துக் கேள்வி கேட்டால் போய்விடுவார்களோ என்ற பயத்தில் வாய்மூடி இருந்தேன். இன்று பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்கள் உறுதியோடு பேசுகிறார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் வாயிலும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு கொடைக்கும் அந்தக் குழுவில் ஒரு பொறுப்பாளியை, கூடுமானால் தினமும் பள்ளிக்கு அருகிலேயே இருக்கும் ஒரு தாயை, பெயர் சொல்லி நியமிக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு சிறு மதிப்பூதியத்தையும் திட்டத்திலேயே எழுதுங்கள். பலகையில் அவர் பெயரையும் பதியுங்கள்.

அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வந்தேன்: தண்ணீர் வந்த நாள், வராத நாள், மெக்கானிக் வந்த நாள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம். கடைசிப் பக்கங்களில் ‘வரவில்லை’ என்ற சொல்தான் வரிவரியாக இருக்கிறது. உங்கள் குழு அடுத்த ஆண்டின் செயல்திட்டத்தை எழுத உட்காரும்போது அது உதவும் என்று கருதினால், நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.