வாசிப்புச் சங்கச் செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், இன்று வந்திருக்கிற 17 பேருக்கும் ஸ்தோத்திரம். பதிவேட்டில் 63 பெயர்கள் இருக்கின்றன. மீதி 46 பேருக்கு இந்த அறிக்கையை யாராவது வீட்டில் போய் வாசித்துக் காட்டினால் நல்லது.

பொங்கல் விருந்து ஜனவரியில் நடந்தது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் மண்டலே, சகாயிங் பக்கத்து மக்களுக்காக அரிசியும் துணியும் சேர்த்து அனுப்பினோம். பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன் ஐயா 1813 ஜூலையில் ரங்கூனில் வந்திறங்கிய நாளை வழக்கம்போல் நினைவுகூர்ந்தோம். நூலகத்துக்குத் திரும்பி வராத புத்தகங்கள் 11. எடுத்தவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

இனி, அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று நான் எடுத்த சனிக்கிழமை வகுப்புகள். இதைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறீர்கள் என்பது என் காதுக்கு வந்திருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ரங்கூன் தாம்வே பகுதியிலிருந்து வரும் ஒரு சின்னம்மா எழுந்து, "பையன் அமெரிக்காவில் கிறிஸ்தவ யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போடுகிறேன் என்கிறான். அது பைபிள் ஸ்கூலா, தம்பி? படித்து முடித்தால் போதகர் வேலைதானா?" என்று கேட்டார். மேடையில் இருந்த எங்கள் ஐந்து பேருக்கும் பதில் தெரியவில்லை. தலைவர் ஐயா "செயலாளர் பார்த்துச் சொல்வார்" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையால்தான் எட்டுச் சனிக்கிழமை மாலைகள் எனக்குப் போயின.

பாடத்துக்கு டெக்சாஸ் வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டேன். அவர்களும் நம்மைப்போல் பாப்டிஸ்டுகள், ஆரம்பித்ததும் சபைக்காரர்கள்தான். டெக்சாஸ் தனி நாடாக இருந்த 1845இல் சாசனம் வாங்கி, 1886இல் வேக்கோவுக்குக் குடிபெயர்ந்த பழைய ஸ்தாபனம். ஆனால் போதகர் பள்ளி அல்ல. பொறியியல், சட்டம், செவிலியர் படிப்பு எல்லாம் உண்டு. எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் முதல்தர ஆராய்ச்சிப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. அந்தப் பட்டியலுக்கு இப்போதுள்ள விதிப்படி ஆண்டுக்குக் குறைந்தது 5 கோடி டாலர் ஆராய்ச்சிக்குச் செலவழிக்க வேண்டும், 70 பேருக்காவது ஆராய்ச்சி முனைவர் பட்டம் கொடுக்க வேண்டும். சின்னம்மாவுக்கு முதல் வகுப்பிலேயே பதில் கிடைத்துவிட்டது. அவர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார். அது வேறு விஷயம்.

இரண்டாம் வகுப்பில்தான் கூட்டம் சூடு பிடித்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டேன். மேலே ரீஜென்ட்ஸ் எனப்படும் நிர்வாகக் குழு, அதன் கீழ் பிரசிடென்ட், அவருக்குக் கீழ் படிப்பு விவகாரங்களைப் பார்க்கும் புரோவோஸ்ட், பிறகு டீன்கள். ரீஜென்ட்கள் வகுப்பு அட்டவணையில் கை வைப்பதில்லை. பிரசிடென்ட்டை நியமிப்பதும், பட்ஜெட்டை ஒப்புக்கொள்வதும், தேவைப்பட்டால் அவரை இறக்குவதும் அவர்கள் வேலை. 2016இல் மாணவிகள் கொடுத்த பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதம் மோசம் என்று வெளியார் விசாரணை சொன்னபோது, பிரசிடென்ட்டையே பதவியிலிருந்து எடுத்தார்கள். அதைச் சொன்னதும் ஒரு மூப்பர் ஐயா காலண்டர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீஜென்ட்களை யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1990வரை டெக்சாஸ் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான மாநாடுதான் நிர்வாகக் குழு முழுவதையும் தேர்ந்தெடுத்தது. சபைக்குள் தீவிரப் பிரிவினர் கை ஓங்கினால் பல்கலைக்கழகமும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், அந்த ஆண்டு செப்டம்பரில் குழுவே கூடிச் சாசனத்தைத் திருத்திவிட்டது. பெரிய சண்டை. கடைசியில் கால்பங்கு இடங்கள் மாநாட்டுக்கு, மற்றதைக் குழு தானே நிரப்பிக்கொள்ளும் என்று முடிந்தது. சபை விலகிவிடவில்லை, ஆனால் கடிவாளம் அதன் கையில் இல்லை. நம் சங்கக் குழுவிலும் பாதிப் பேரைச் சபைக் கமிட்டியே நியமிக்கட்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அதை யோசிப்பவர்கள் இந்தக் கதையையும் சேர்த்து யோசிக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது வகுப்பில் ஒரு பையன், "ஜெபக்கூட்டத்துக்குப் போகாவிட்டால் பட்டம் தரமாட்டார்களா, ஐயா?" என்று கேட்டான். இளநிலை மாணவருக்கு அங்கே சேப்பல் கட்டாயம், ஆனால் நாலு வருஷமும் அல்ல, இரண்டு பருவங்கள்தான். வேதாகமத்தைப் பற்றியும் கிறிஸ்தவ மரபைப் பற்றியும் இரண்டு பாடங்கள் படித்தாக வேண்டும். ஆசிரியர் விஷயத்தில்தான் இறுக்கம் அதிகம். வேலைக்கு வருபவரிடம் எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். மதச் சார்புள்ள கல்வி நிலையத்துக்கு அந்த உரிமையை அமெரிக்கச் சட்டமே 1964லிருந்து கொடுத்திருக்கிறது. பையன் அதோடு விடாமல், "இங்கே ஜட்சன் காலேஜ் ஏன் இல்லை?" என்றான். பாப்டிஸ்ட் மிஷனரிகள் நடத்திய அந்தக் கல்லூரி 1920இல் அரசாங்கக் கல்லூரியோடு சேர்ந்து ரங்கூன் பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரி போய்விட்டது, ஜட்சன் தேவாலயக் கோபுரம் மட்டும் வளாகத்தில் நிற்கிறது. அவனிடம் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அப்போது கரண்டும் போய்விட்டது. மீதியை யாரோ பிடித்த கைபேசி வெளிச்சத்தில் முடித்தேன்.

இப்போது கணக்கு. வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. பொருளாளர் அண்ணன் தனித்தாளில் வைத்திருக்கிறார், வேண்டியவர்கள் பார்க்கலாம். கூரை நிதியிலிருந்து ஜெனரேட்டர் டீசலுக்கு நான் பணம் எடுத்தது உண்மை. நன்கொடையாளர் "இதற்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்த பணத்தை வேறெதற்கும் தொடக்கூடாது, பேய்லரின் வைப்பு நிதி 200 கோடி டாலருக்கு மேல் இருந்தாலும் பிரசிடென்ட் நினைத்தபடி அதில் கை வைக்க முடியாது என்று மூன்றாம் வகுப்பில் நானே பாடம் எடுத்தேன். அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்கு என் பதில் இது: ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசாங்கம் கொடுக்கும் மானியத்திலேயே ஆய்வகத்தின் கரண்டுக்கும் கணக்கெழுதுபவர் சம்பளத்துக்கும் மறைமுகச் செலவு என்று ஒரு பங்கு ஒதுக்குகிறார்கள். நம் டீசலும் அந்த வகைதான். இதில் அண்ணனுக்கு உடன்பாடு இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஆனால் கூரை நிதியில் ஏன் கை வைக்க வேண்டி வந்தது? மாதச் சந்தா 2,000 கியாட். இந்தக் காலத்தில் அதற்கு இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. 38 பேர் ஆறு மாதத்துக்கு மேல் கட்டவில்லை. அதில் இருவர் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். வெளிநாடு போனவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் கஷ்டம் தெரிந்ததே. இங்கேயே இருந்துகொண்டு, கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்கு இடம் மாறுகிறவர்களைச் சொல்கிறேன். வேக்கோவில் ஒரு ரீஜென்ட் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். "அங்கே பந்தி கிடையாது, தம்பி" என்றார்.

எட்டாவது வகுப்புக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஆனாலும் தாளைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார்கள்.

பெண்கள் ஐக்கியத்துக்கும், நாற்காலி கொடுத்த பக்கத்துத் தெலுங்குச் சபையாருக்கும், தேநீர் போட்ட அக்காவுக்கும் நன்றி. தணிக்கையாளருக்கும் நன்றி, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வரும் ஆண்டில் நான் மறுபடி நிற்பதாக இல்லை. வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் விண்ணப்பக் கட்டுரை எழுதுவது, உதவித்தொகை கேட்பது பற்றி நாலு வகுப்பு எடுக்க வேண்டுமென்று மூன்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், அதை யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. 38 பேரும் பாக்கியைக் கட்டினால் மே மாத மழைக்குமுன் மண்டபத்தின் தெற்குப் பக்கத்துக்குத் தகரம் போட்டுவிடலாம், டீசல் கணக்கும் நேராகிவிடும். மண்டபச் சாவி என் வீட்டு வாசல் ஆணியில்தான் தொங்குகிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன். ரசீதுப் புத்தகமும் அதே ஆணியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்