நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது, மல்லிகா

காத்ர்போர்ன், மொரிஷியஸ்
மே 20

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் ரெதுய்யில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. மாமியாரின் முட்டிவலி அப்படியேதான். இதையெல்லாம் வாட்ஸப்பிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது சொல்ல வந்தது வேறு. அது தப்பித் தவறி உங்கள் குடும்பக் குரூப்பில் விழுந்தால் அத்தைமார் அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.

போன வாரம் ராத்திரி உன் மகள் யாழினி என்னைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் பேசினாள். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்களே சொல்லுங்க சித்தி, நான் சொன்னா அப்பா சாப்பிடாம படுத்துக்குவார்" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அவளைத் திட்டாதே.

நீட் விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தாளாம். 720க்கு 230 தேறாது என்கிறாள். தப்பான விடைக்கு ஒரு மார்க் கழிப்பதால் கடைசி அரை மணியில் பதறிப்போய் ஊகமாக அடித்த இயற்பியல் கேள்விகள் காலை வாரிவிட்டன. அண்ணன் அதற்குள் நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டர் பேட்ச் விசாரித்துவிட்டாராமே? ஹாஸ்டலோடு ஒன்றரை லட்சம். உன் வளையலை அடகு வைக்கப் போகிறாய் என்றும் தெரிந்துகொண்டேன். மல்லிகா, இதில் அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மறுபடி எழுதுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு நீட்டுக்கு இல்லை. டாக்டராகியே தீருவேன் என்று துடிக்கிற பிள்ளை இன்னொரு வருஷம் உட்கார்ந்து எழுதட்டும், நானே பணம் அனுப்புகிறேன். இவள் அப்படித் துடிக்கவில்லையே! பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள், உயிரியல் குரூப் எடுத்தாள், உடனே தெருவே அவளை டாக்டரம்மா ஆக்கிவிட்டது. அவள் ஆசைப்படுவது மீன்வளப் படிப்புக்கு.

சிரிக்காதே. "மீன் விக்கவா பொண்ணைப் படிக்க வச்சேன்?" என்று நீ கேட்கப்போவது இங்கே வரைக்கும் கேட்கிறது. முழுக்கப் படி.

உன் தம்பியின் இறால் குட்டை நினைவிருக்கிறதா? ஒரே ராத்திரியில் மொத்த இறாலும் மிதந்ததும், அவன் கரையில் உட்கார்ந்து அழுததும்? நாம் எல்லோரும் திருஷ்டி என்றோம். யாழினி அப்போது ஒன்பதாவது. ஏன் விடியற்காலையில் செத்தன என்று அவள் தேடிப் படித்திருக்கிறாள். ராத்திரியில் வெயில் இல்லாததால் பாசி ஆக்சிஜன் தராது, எல்லா உயிரும் சேர்ந்து இருப்பதை உறிஞ்சும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்னால்தான் அடிமட்டத்துக்குப் போகும், அந்த நேரத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் முடிந்தது என்று எனக்கு விளக்கினாள். வைரஸால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றும் சொன்னாள். வேதியியல் வகுப்பில், நாம் "தவில்" என்று பட்டப்பெயர் வைத்த வாத்தியார் கேள்வி கேட்டால் நாம் மேஜைக்கு அடியில் பேனா தேடுவோமே, உனக்குப் பிறந்தது இப்படிப் பேசுகிறது!

இந்தப் படிப்பு எங்கேயோ இல்லை. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் ஆரம்பித்தது, தலைமையிடமே நாகப்பட்டினம்தான். தலைஞாயிற்றில் ஒரு கல்லூரி இருக்கிறது. உங்கள் வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தூத்துக்குடியில் இருப்பது 1977இலிருந்து நடக்கும் பழைய கல்லூரி, பொன்னேரியிலும் உண்டு. பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளங்கலைப் படிப்பு நான்கு வருஷம். தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். அவள் உயிரியலில் 97, வேதியியலில் 94, இயற்பியலில் 91 வாங்கியிருக்கிறாள். அந்த மூன்று மணி நேரத் தேர்வில் வராதது இரண்டு வருஷப் படிப்பில் வந்திருக்கிறது, அதை மதிக்கிற இடம் இது.

இன்னொன்று அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 2021இலேயே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதை நீட்டித்துவிட்டார்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். வளையலைக் கழற்றாதே.

படித்துவிட்டு என்ன செய்வாள் என்பாய். அரசு வேலை வாசலில் காத்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். மீன்வளத் துறைப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். மீன், இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், தீவன நிறுவனங்கள், ஏற்றுமதி ஆலைகள் என்று தனியார் பக்கம் வேலை உண்டு. மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இங்கே இவர் சூரை மீன் ஆலையில் வேலை செய்வது உனக்குத் தெரியும். இந்தத் தீவு இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர்தான், ஆனால் இதற்கு உரிமையுள்ள கடற்பரப்பு சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்குகிற சூரை டப்பாவில் அடைபட்டு ஐரோப்பாவுக்குப் போகிறது. குளிர் கொஞ்சம் விட்டுப்போனால் மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறிவிடும், அது அளவைத் தாண்டினால் சரக்கை ஐரோப்பாவில் ஏற்க மாட்டார்கள். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற பரிசோதனைக் கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். யாழினி இவரைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வெள்ளைக் கோட்டு வேண்டும் என்றுதானே அண்ணன் ஆசைப்படுகிறார்?

இந்த ஊரிலும் பைத்தியம் உண்டு. நம் பிளஸ் டூ மாதிரியான எச்.எஸ்.சி. தேர்வின் முடிவு வரும் நாளில் ரேடியோவில் லோரியட் பெயர்களை வாசிப்பார்கள், அரசு உதவித்தொகையில் வெளிநாடு போகப்போகிற அந்தச் சில பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளியே ஆடும். பெயர் வராத பிள்ளையின் முகத்தை நான் பாடம் எடுக்கும் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன், மல்லிகா. நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரு இடம் தவறியதற்காகத் தன்னை உதவாக்கரை என்று நினைத்துக்கொள்கிறது. யாழினி குரலிலும் அதே தொனி வந்தது. "நான் தோத்துட்டேன் சித்தி" என்றாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சின்னவனுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அவன் பதினொன்றாவதுதானே. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. மெயின் முதல் சுற்று ஜனவரியிலேயே நடக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் அதற்கும் முன்னால் டிசம்பரில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட்டுக்குப் பொதுத்தேர்வு ஜுரத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். திருவாரூரில் பக்கத்திலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நீட் என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதுவும் அவர்கள் காதில் விழுவதில்லை.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மே, ஜூனில்தான் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குவார்கள். மீன்வளத்தோடு கால்நடை, வேளாண்மை இரண்டுக்கும் போடச் சொல், அவற்றுக்கும் பிளஸ் டூ மார்க்தான். பொறியியலுக்கும் பதிந்து வையுங்கள். கணிதம் 88, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி சேர்த்தால் 200க்கு 180.5 வருகிறது. நீட் ரிசல்ட்டும் வரட்டும், எதையும் மூட வேண்டாம். சாதிச் சான்று, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று இரண்டையும் இந்த வாரமே வாங்கிவிடு. தலைமையாசிரியை லீவில் போய்விட்டால் அலைய வேண்டும்.

கோச்சிங் அட்வான்ஸை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை நிறுத்திவை. அன்று உங்கள் நேரம் ஆறு மணிக்கு, இங்கே நாலரை, நான் அண்ணனைக் கூப்பிடுகிறேன். இவரும் பேசுவார். அதற்கு முன்னால் நீ யாழினியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த இறால் குட்டைக் கதையைக் கேள்.

அன்புடன்,
சாந்தி