பாட்டிக்கு வீட்டில், பேரனுக்கு மாவட்டத் தலைநகரில்

ஆசிரியருக்கு,

வணக்கம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட என் மாமியாருக்கு வீட்டுத் திண்ணையிலேயே பிசியோதெரபி நடக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். கையை எப்படி மடக்குவது, எப்படித் தூக்குவது என்று எனக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. நடக்கிறது. ஆனால் அதே வீட்டில், மூன்றரை வயதாகியும் பேச்சு வராத என் மகனுக்குத் தெரபி வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருக்கிறது.

குறையைக் கண்டுபிடிக்கிற வேலை ஒழுங்காகவே நடக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். எங்கள் ஊருக்கு வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் மகன் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்பதைக் கவனித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் அந்தக் குழுவின் டாக்டர்தான். அதுவரை உறவுக்காரர்கள் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், இவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசுனாரு’ என்பது அடுத்த ஆறுதல். தாத்தா உயிரோடு இல்லை, கேட்டுப் பார்க்க வழியில்லை!

சரி, சீட்டு கையில் வந்த பிறகு? அது கொண்டுபோய் விடுவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், அதாவது வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் அரசு மையத்தில். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் போகும் மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் மாறிப் போன பிறகு சில மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. இருக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மகன் என் கையைப் பிடித்து பிஸ்கட் டப்பாவிடம் இழுத்தால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், பிஸ்கட்டை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவன் கண் உங்கள் கண்ணைத் தொடும்வரை பொறுங்கள் என்று சொல்லிக் கொடுத்தது அங்கேதான். இன்று ‘தா’ என்று கை நீட்டுகிறான். எங்கள் வீட்டில் அது பெரிய சங்கதி.

தொல்லை வழியில்தான். என் மகனுக்கு ஏர் ஹாரன் சத்தம் ஆகாது. ஊரிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் எப்படியோ சமாளித்துவிடுவான். அடுத்த பஸ்ஸில் ஏறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தால், ‘புள்ளைக்கு என்னம்மா?’ என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். போய்ச் சேரும்போது அழுது களைத்திருப்பான், இல்லையென்றால் தூங்கியிருப்பான். அவனைத் தேற்றி உட்கார வைப்பதற்குள் எங்களுக்கான நேரத்தில் பாதி போய்விடும். எங்களுக்குப் பிறகு வெளியே வரிசையில் எத்தனையோ தாய்மார். அன்றைய கூலியும் போச்சு.

இந்தப் பயிற்சி மாதத்துக்கொரு தரம் போட்டுக்கொள்ளும் ஊசி மாதிரி அல்ல. தினமும் வீட்டில் செய்ய வேண்டும், செய்வது சரிதானா என்று யாராவது வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மூளை வேகமாக வளர்வது முதல் சில வருஷங்களில்தான் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அந்த வருஷங்களைத்தான் பஸ் நிலையத்தில் செலவழிக்கிறோம். தனியாரிடம் போங்களேன் என்பவர்களுக்கு: அங்கே ஓர் அமர்வுக்குக் கேட்பது என் கணவரின் ஒரு நாள் சம்பளம். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் தெரபி செலவு ஓரளவு கிடைக்கும், ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று திட்டத்தில் உள்ள குறைபாடு சான்றிதழில் இருக்க வேண்டும். என் மகனின் சீட்டில் இப்போதைக்கு இருப்பது ‘வளர்ச்சித் தாமதம்’ மட்டும்.

கிராமத்துக்கே போய்ச் செய்ய முடியாது என்று அதிகாரிகள் சொன்னால், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். அங்கே அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கையில் செல்போன் செயலியோடு குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள், பின்னால் நிபுணர்கள் இருந்து வழிகாட்டுகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிகிறது.

நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. மாவட்ட மையத்தின் தெரபிஸ்டுகள் வாரத்தில் ஒரு நாள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். ஒரு பாய், ஒரு கண்ணாடி, நாலு விளையாட்டுச் சாமான் போதும். மாமியாருக்காக வருகிற பிசியோதெரபிஸ்ட், தலை நிற்காத, உட்கார வராத சிறு குழந்தைகளையும் அதே சுற்றில் பார்க்கட்டும். அங்கன்வாடி டீச்சருக்கும் இந்தப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தால், என் மகன் அங்கே இருக்கும் நேரமும் வீணாகாது. முதலில் தொலைவில் உள்ள ஒன்றியங்களில் தொடங்கட்டும். எந்தக் கிழமை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடவுக்கும் களைக்கும் போகிற தாய்மார் அன்றைக்கு வேலை ஒப்புக்கொள்ளாமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவிரிக் கடைமடைப் பகுதி