சேவை நாயை வாசல்ல மறிக்காதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில எங்கட ஆக்கள்ர சாப்பாட்டுக்கடையளில 'நாய் கொண்டுவரக்கூடாது' எண்டு ஒட்டியிருக்கும். வளர்ப்பு நாய்க்கு அது சரி, ஆனா அதைக் காட்டி சேவை நாயோட, அதாவது வருத்தமோ குறைபாடோ இருக்கிற ஆளுக்கு உதவப் பழக்கின நாயோட, வாற ஆக்களையும் மறிக்கினம்.

என்ர அக்கான்ர மகளுக்கு வலிப்பு வருத்தம், அவளோட பழக்கின லப்ரடோர் ஒண்டு திரியுது, வலிப்பு வந்தா குரைச்சு பக்கத்தில நிக்கிற ஆக்களைக் கூப்பிடும். போன மாசம் ஒரு கடையில கவுண்டர்ல நிண்ட தம்பி "உங்களுக்குக் கண் வடிவாத் தெரியுதே, பிறகேன் நாய்" எண்டு கேட்டிருக்கிறார். முதலாளி வந்து, சுகாதார இன்ஸ்பெக்டர் கண்டா, கடை பாஸ் எண்டு வாசல்ல ஒட்டியிருக்கிற பச்சை மட்டையைக் கழட்டிப்போட்டு, குறை இருக்கு எண்டு காட்டுற மஞ்சளை ஒட்டிடுவார், வெளியில கட்டிப்போட்டு வாங்கோ எண்டாராம். வலிப்புக்காரப் பிள்ளையின்ர நாயை வெளியில கட்டினா அது ஆருக்குக் குரைக்கிறது?

அந்தப் பயம் தேவையில்லாதது. ஒன்ராறியோ உணவுக்கடை விதி 493/17 படி, சாப்பாடு விக்கிற, பரிமாறுற இடத்துக்கு சேவை நாய் வரலாம், குசினிக்குள்ளதான் வரேலாது. அடையாளத்துக்கு மேலங்கியோ சேணமோ இருந்தாச் சரி, இல்லாட்டி டொக்டரோ நர்ஸோ குடுத்த கடிதம் காணும், என்ன வருத்தம் எண்டு துருவிக் கேக்கத் தேவையில்லை. கண் தெரியாத ஆக்களை வழிகாட்டி நாயோட வந்ததுக்காக மறிச்சா 5,000 டொலர் வரைக்கும் தண்டம் வரலாம், அதுக்குத் தனிச் சட்டமே இருக்கு.

எங்கட ஆக்களுக்கு நாயெண்டா பயம், ஊரில கட்டாக்காலி நாயளைக் கண்டு வளந்த நாங்கள்தானே, அது விளங்குது. பயப்பிடுற ஆளையோ அலர்ஜி இருக்கிற ஆளையோ கொஞ்சம் தள்ளி வேற மேசையில இருத்தலாம். இன்னொரு கூட்டம் இருக்கு, பாவம் எண்டு மட்டன் ரோல்ஸைப் பிச்சு நாய்க்குப் போடுறவை! அது வேலையில நிக்குது ஐயா, தடவவும் வேண்டாம், தீத்தவும் வேண்டாம். ஓக்வில்லில லயன்ஸ் பவுண்டேஷன் இப்பிடியான நாயளைக் கஷ்டப்பட்டுப் பழக்கி, வாங்கிற ஆக்களிட்ட காசு எடுக்காமத்தான் குடுக்குது, நாங்கள் ரோல்ஸ் குடுத்து அதைக் குழப்புறம்.

கடைக்காரர் அந்த நோட்டீசுக்குக் கீழ 'சேவை நாய்க்கு அனுமதி உண்டு' எண்டு ஒரு வரி சேத்தாக் காணும், பகுதிநேரமா நிக்கிற பெடியளுக்கும் சொல்லிவைக்க வேணும். உங்கட பேப்பர்ல பாதி விளம்பரம் சாப்பாட்டுக்கடையளின்ர தானே, இந்த விதியைத் தமிழில ஒருக்காப் போட்டியளெண்டா முதலாளிமார் கட்டாயம் பாப்பினம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்காபரோ